பழவேற்காட்டுத் தண்ணீரும் பரம்பரைப் பாத்தியதையும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பொன்னேரி தாலூகாவில், ஏரியும் கடலும் சேருகின்ற இடத்தில் பழவேற்காடு என்கின்ற ஊர் இருக்கின்றது. அதைச் சுற்றிலும் குப்பங்கள் என்று சொல்லப்படும் மீன்பிடிக் கிராமங்கள் பல இருக்கின்றன. இவ்வூரைப் பற்றிப் பேசுகின்றவர்கள் இப்பொழுது இரண்டு சாராராய் இருக்கின்றார்கள். ஒரு சாரார், "ஆதிகாலந்தொட்டு ஒரே மாதிரியாய் அமைதியாக இருந்து வந்த ஊர் கெட்டுப் போய்விட்டது, பழைய கட்டுப்பாடு இருந்தால் ஒருவருக்கும் குறைவிராது" என்று அழுகின்றார்கள். மற்றொரு சாரார், "துறைமுகம் வரட்டும், தொழிற்சாலை வரட்டும், ஊர் தானாகவே முன்னுக்கு வந்துவிடும்" என்று குதிக்கின்றார்கள்.

இந்த இரண்டு பேச்சிலும் நமக்கு நம்பிக்கை இல்லை. ஏனெனில், அந்த ஊர் ஒருநாளும் ஒரே மாதிரியாய் இருந்ததில்லை, மாறிக்கொண்டே வந்திருக்கின்றது. ஆனால் மாறிய ஒவ்வொரு தடவையிலும் மாற்றத்தை முடிவு செய்தவன் ஒருவனாகவும், அதன் நஷ்டத்தைத் தலையில் சுமந்தவன் வேறொருவனாகவும் இருந்து வந்திருக்கின்றார்கள். ஆகவே, ஊர் மாறலாமா கூடாதா என்பது கேள்வியே ஆகாது. யார் சொல்லி மாறுகின்றது, யாருக்காக மாறுகின்றது, மாறும்போது யாரைக் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி. இதைக் கொஞ்சம் விவரமாய்ப் பார்ப்போம்.

முதலில் ஏரியின் சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவிலுள்ள உப்பங்கழிகளில் ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காட்டு ஏரியேயாகும். அதன் பெரும்பாகம் ஆந்திர நாட்டிலும், தென்கோடி நமது திருவள்ளூர் ஜில்லாவிலும் இருக்கின்றது. வடக்கே சுவர்ணமுகியும் காலங்கியும், தெற்கே ஆரணியாறும் அதில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரத்தின் வழியாய்க் கடல் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. பெயர்தான் பெரிய ஏரியே தவிர, பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் கிடையாது. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும்.

இந்த உப்பும் நல்ல தண்ணீரும் கலப்பதில்தான் பல்லாயிரம் குடும்பங்களின் சோறு இருக்கின்றது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகின்றது. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியாய் ஏரிக்குள் வந்து, தின்று வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாயும் நண்டும் இதேபோல் கடலுக்கும் ஏரிக்கும் போக்குவரத்து உள்ளவைகளே. கோடையில் ஆற்று வெள்ளம் நின்று போனால், அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுகின்றது. அடைத்துவிட்டால் குஞ்சு உள்ளே வராது. ஏரித் தண்ணீர் காய்ந்து உப்புக் கரிக்கும். படகும் கடலுக்குப் போக முடியாது. ஆகவே இறால் வருவதும் வராததும் முகத்துவாரத்தையும் மழையையும் பொறுத்த காரியமே ஒழிய, எந்தக் கன்னியம்மனின் கோபத்தையும் கருணையையும் பொறுத்ததல்ல. இதை அந்த மக்கள் நம்மைவிட நன்றாய் அறிவார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து மீன் இருக்கும் இடம் சொல்லுகின்ற அறிவை எந்தப் புராணமும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பாடுபட்டுத் தெரிந்துகொண்டது.

நிற்க, "பழைய அமைதி" என்கிறார்களே, அந்தப் பழைய காலத்தின் யோக்கியதை என்ன? மரக்காயர்கள் கப்பல் விட்டு வியாபாரம் செய்த காலத்திலேயே அது பல நாட்டார் வந்துபோகும் பட்டினமாய் இருந்தது. பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1515-ம் வருஷத்திலேயே அங்கு மாதா கோவில் ஏற்பட்டுவிட்டது. அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் என்கின்ற டச்சுக்காரர் வந்து, 1613-ம் வருஷத்தில் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையிலுள்ள தங்கள் வியாபாரத்துக்கெல்லாம் அதையே தலைமை இடமாக்கிக்கொண்டார்கள். நமது நெசவாளர் நெய்த துணியை வாங்கிக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து, அங்கிருந்து வாசனைச் சரக்குகளை வாங்கினார்கள்.

துணி மாத்திரமா போயிற்று? பஞ்சத்திலும் சண்டையிலும் அடிபட்டுக் கஞ்சிக்கு வழியில்லாமல் கிடந்த ஏழை மக்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாய் ஆயிரக்கணக்கில் அதே துறையிலிருந்து பத்தாவியா முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றினார்கள். இன்று ஜகார்த்தா என்று சொல்லப்படுவதுதான் அந்தப் பத்தாவியா. பழமையின் பெருமை பேசுகிறவர்கள் இந்தச் சங்கதியை மாத்திரம் விழுங்கிவிடுவது ஏன்? பெற்ற பிள்ளையைப் பஞ்சத்தில் விற்ற தாய்க்கு அந்தக் காலம் பொற்காலமாய் இருந்திருக்குமா?

1690-ம் வருஷத்தில் ஒல்லாந்தர் தங்கள் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். தெற்கே ஆங்கிலேயர் 1639-ல் கால் வைத்த சென்னை வளர, பழவேற்காடு தேய்ந்தது. 1825-ல் அது முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாய்ச் சென்னைப் பட்டணத்துக்கு விறகும் சுண்ணாம்புச் சிப்பியும் படகில் போயின. ரயிலும் லாரியும் வந்தபின் அந்தப் படகுத் தொழிலும் படுத்துவிட்டது. இந்தப்படி வியாபாரப் பட்டினமாய் இருந்தது கோட்டையாகி, கோட்டை கால்வாய்த் துறையாகி, கடைசியில் மீன்பிடிக் குப்பங்களின் சந்தையூராய் நின்றது. இதில் எதுதான் ஆதிகாலத்து நிலைமை?

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் சென்னையிலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள் நண்டும் இறாலும் வாங்குகிறார்கள். பூநாரைப் பறவைகளைப் பார்க்கிறார்கள். ஒல்லாந்தர் கல்லறைகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். அந்தக் கல்லறைகளை மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா பாதுகாத்து வருகின்றது. பாதுகாக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் செத்துப்போன வெள்ளைக்காரனுக்கு ஆறடி நிலத்தில் இருக்கின்ற உறுதியான பாத்தியதை, உயிரோடு இருக்கின்ற இருளருக்குத் தாம் குடியிருக்கும் குடிசை நிலத்திலும் வலை இறக்கும் தண்ணீரிலும் இல்லையே என்று கேட்டால், அதற்கு மாத்திரம் ஒருவரும் பதில் சொல்லுவதில்லை.

இனி விஷயத்திற்கு வருவோம்.

பழவேற்காட்டு ஏரியில் "பாடு" என்று ஒரு ஏற்பாடு இருக்கின்றது. ஏரியில் இறால் ஓடுகின்ற நல்ல இடங்கள் சிலதான். அந்த இடத்திற்கு எல்லோரும் ஒரே நாளில் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சண்டைதான் மிஞ்சும். ஆகையால் ஊரார் கூடி, சீட்டுப் போட்டு, இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வகுத்துக்கொள்ளுகின்றார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். இன்று கிடைக்காதவனுக்கு நாளை கிடைக்கும். பணக்காரன் முதலில், ஏழை பிறகு என்பது இதில் இல்லை. போலீசும் கோர்ட்டும் இல்லாமல், எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலேயே, பொதுச் சொத்தைப் பாழாக்காமல் பங்கிட்டுக்கொள்ள இப்படி ஒரு வழி கண்டுபிடித்தார்கள் என்றால் அது மெச்சத்தக்க அறிவேயாகும். இதை நாம் மனப்பூர்வமாய்ப் பாராட்டுகின்றோம்.

ஆனால் சீட்டில் யார் பெயரை எழுதுவது என்று வருகின்றபோதுதான் அறிவு வெளியே போய் ஜாதி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளுகின்றது. பாட்டில் பங்கு கேட்க வேண்டுமானால், ஒருவன் குறிப்பிட்ட சில குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர் ஜாதியில் பிறந்திருக்க வேண்டும். ஆணாய் இருக்க வேண்டும். கலியாணமாகித் தலைக்கட்டாய் இருக்க வேண்டும். அவ்வளவுதான் யோக்கியதை! அவனுக்கு வலை கட்டத் தெரியுமா, தண்ணீரில் இறங்குகின்றானா, அவன் குடும்பத்துக்கு வேறு ஜீவனம் உண்டா என்பவை எல்லாம் பிறகுதான். அதே கரையில் குடியிருந்து, அதே தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கின்ற ஆதிதிராவிடர் எத்தனை கெட்டிக்காரராய் இருந்தாலும் அந்தச் சீட்டில் அவர் பெயர் ஏறாது. இருளர் பெயரும் ஏறாது. பெண்கள் பெயர் எந்த ஜாதியானாலும் ஏறாது.

இருளர் எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆணும் பெண்ணுமாய்ச் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கையினாலேயே தடவித் தடவி இறாலைப் பிடித்து, பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் போட்டுக்கொள்ளுகிறார்கள். படகு இல்லை, பெரிய வலை இல்லை, காலில் சிப்பி கிழிக்கும், முள் குத்தும். நாள் முழுதும் தண்ணீரில் ஊறி எடுத்ததை அன்றன்றைக்கே கிடைத்த விலைக்கு விற்கிறார்கள். ஏரியில் கிடைக்காத நாளில் கடன். கடன் வாங்கினால் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் அடிமை வேலை. கொத்தடிமையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்து இத்தனை காலமாகியும், இந்தத் திருவள்ளூர் ஜில்லாவிலேயே இருளர் குடும்பங்களைச் சூளையிலிருந்தும் ஆலையிலிருந்தும் அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது. அன்று கப்பலேற்றப்பட்ட அடிமைக்கும் இவர்களுக்கும் வித்தியாசம், கப்பல் இல்லை என்பதுதான்.

பெண்கள் விஷயமும் அப்படியே. கரைக்கு வந்த மீனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து சந்தைக்கும் தெருவுக்கும் கொண்டுபோய்க் காசாக்குகிறவர்கள் பெண்கள். கருவாடு போடுகிறவர்கள் பெண்கள். பனை ஓலையில் பெட்டி பின்னி விற்கிற முஸ்லீம் வீட்டுப் பெண்களும் அந்த ஊரில் உண்டு. குடும்பம் ஓடுவதில் பாதிக்கு மேல் இவர்கள் பாடு. ஆனால் ஊர்க் கூட்டம் கூடினால் இவர்களுக்கு அங்கே இடமில்லை. "பாடு" என்கிற வார்த்தைக்கு உழைப்பு என்றும் அர்த்தம் உண்டு. பாடுபடுகிறவர்களுக்குப் பாடு இல்லை என்பது இந்த ஜாதி நாட்டில்தான் நடக்கும்.

"இதெல்லாம் பெரியோர் வகுத்த முறை, மாற்றக்கூடாது" என்று சிலர் சொல்லுவார்கள். இந்தப் பாடு முறை பழவேற்காட்டுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் இதே பெயரால், இதே மாதிரிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கின்றது. அங்கே பட்டினவனா என்று கேட்பதில்லை. கத்தோலிக்கனா, பழைய உறுப்பினரின் மகனா, கலியாணமான ஆண்பிள்ளையா என்று கேட்கிறார்கள். இங்கே ஜாதி, அங்கே மதம். இரண்டு இடத்து இறாலும் ஒரே இறால்தான். வலைக்குள் வந்த இறால் வலை கட்டினவனுடைய குலத்தையும் கோத்திரத்தையும் விசாரித்துக்கொண்டு வருவதில்லை. ஆகவே முகத்துவாரம் எப்படி மணலால் அடைபடுகின்றதோ அப்படியே, நல்ல ஏற்பாடும் அந்தந்த ஊரில் ஆதிக்கத்தில் உள்ளவர்களின் பிறப்பு அகங்காரத்தால் அடைபட்டிருக்கின்றது என்பதைத் தவிர இதில் வேறு தெய்வீகம் ஒன்றும் இல்லை.

வழக்கம், பரம்பரை என்கிற பேச்சு நமக்குப் புதிதல்ல. 1924-ல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாதென்று தடுத்தவர்களும் வழக்கம் என்றுதான் சொன்னார்கள். 1927 மார்ச் 20-ந் தேதி மகாத்தில் சவதார் குளத்துத் தண்ணீரை டாக்டர் அம்பேத்கரும் அவரோடு வந்த மக்களும் கையால் அள்ளிக் குடித்தபோது, அடிக்க வந்தவர்களும் வழக்கம் என்றுதான் சொன்னார்கள். அந்தத் தெருவும் குளமும் இன்று எல்லோருக்கும் பொது. உலகம் முழுகிப் போய்விடவில்லை. கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை இவைகளில் ஜாதி காரணமாய் ஒருவனையும் தடுக்கக் கூடாதென்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். குடிக்கும் தண்ணீருக்கு ஒரு நியாயம், வலை போடும் தண்ணீருக்கு ஒரு நியாயமா?

மற்றொரு ஆட்சேபணை இருக்கின்றது. அது கொஞ்சம் யோசிக்கத்தக்கது. "பாட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டால் ஏரி தாங்காது, எல்லோரும் வாரிக்கொண்டு போனால் மறு வருஷத்துக்கு ஒன்றும் மிஞ்சாது" என்கிறார்கள். அளவு வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அளவை வலைக்கு வைக்க வேண்டும். வலையின் கண்ணுக்கு வைக்க வேண்டும். நாளுக்கு வைக்க வேண்டும். மனிதன் பிறப்புக்கு ஏன் வைக்க வேண்டும்? கிழக்குக் கடலில் வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாளைக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாதென்று சர்க்கார் தடை போடுகின்றது. அந்தத் தடை எவனுடைய ஜாதியையும் கேட்பதில்லை. மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பதை மாத்திரம் பார்க்கின்றது. அதுதான் அறிவான அளவு. மேலும், பாட்டில் பங்கு இல்லாதவர்கள் ஏரியில் இறங்காமலா இருக்கிறார்கள்? வயிறு இருக்கும்வரை இறங்கத்தான் செய்வார்கள். பங்கும் பொறுப்பும் இல்லாமல் இறங்கினால் கிடைத்ததை அள்ளுவார்கள். பங்கு கொடுத்து முறைக்குள் சேர்த்துக்கொண்டால் அவர்களும் ஏரியைக் காப்பாற்றுவார்கள். காவல்காரனைக் கூட்டுவது நல்லதா, பங்காளியைக் கூட்டுவது நல்லதா?

இது ஒருபுறமிருக்க, இந்த ஜாதிக் கட்டுப்பாடு ஏரியைத்தான் காப்பாற்றியதா என்று பார்ப்போம். சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இறாலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரம் ஏற்பட்டது. வீட்டுக் குழம்புக்குப் போன இறால் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போக ஆரம்பித்தது. விலை ஏறவே, பாட்டுக்குள் இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் சண்டையும் ஏறிற்று. இவர்கள் இப்படித் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருக்க, ஒருநாளும் தண்ணீரில் இறங்காத முதலாளிகள் கரையோரத்து நிலங்களை வாங்கி இறால் பண்ணை வெட்டினார்கள். பண்ணைக் கழிவு ஏரியில் விழுந்தது. உப்பு வயலில் ஏறிற்று. தஞ்சை ஜில்லா ஏழைகளுக்காக உழைத்து வந்த தோழர் எஸ். ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் வழக்காடினதின் பேரில், 1996 டிசம்பரில், சிலிகா ஏரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை இருக்கக் கூடாதென்று தீர்ப்பாயிற்று. முதலாளியைத் தடுக்கப் பரம்பரைப் பாத்தியதை உதவவில்லை. எல்லோருக்கும் பொதுவான சட்டமும் அதற்காகப் போராடினவர்களுமே உதவினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி வடக்கேயும் தெற்கேயும் பாருங்கள். வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிக்கோட்டா என்னும் நீண்ட தீவு இருக்கின்றது. 1969-ல் அதை ராக்கெட் விடும் இடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே காட்டை நம்பி வாழ்ந்த யானாதி மக்களும் மற்றவர்களும் இடம்பெயர நேர்ந்தது. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் போகின்றன. ராக்கெட் விடும் நாளில் பக்கத்துக் குப்பத்தார் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைக்கு அடுப்பு எரியாவிட்டால் அது அவர்கள் கவலை. 2023 ஜூலை 14-ந் தேதி அங்கிருந்து கிளம்பிய சந்திரயான் 3, ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரனில் இறங்கிற்று. நாம் மிகவும் சந்தோஷப்பட்டோம். சந்திரனைப் பாம்பு விழுங்குகின்றது என்கிற கதைக்கு இதைவிட நல்ல பதில் வேறில்லை. ஆனால் கேட்கின்றோம்: லட்சக்கணக்கான மைல் தாண்டிச் சந்திரனில் இறங்குவதற்கு வழி கண்ட நாட்டில், அந்த ராக்கெட்டின் நெருப்பைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு மனிதன் வலை இறக்குவதற்கு ஜாதி குறுக்கே நிற்கின்றது என்றால், நாம் எந்த நூற்றாண்டில் இருக்கிறோம்?

தெற்கே எண்ணூரில் 2001-ல் துறைமுகம் வந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம் 2013-ல் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாற்றப்பட்டது. நிலத்தையும் கரையையும் கொடுத்த அந்த மக்கள் நிரந்தர வேலை வேண்டும் என்று பிறகு போராட வேண்டியதாயிற்று. 2018-ல் அந்தத் துறைமுகம் அதானி கம்பெனியின் கைக்குப் போயிற்று. இப்பொழுது அதை 6111 ஏக்கருக்கு விரிக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் நடப்பதாய் இருந்த மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டமும், 2023 செப்டம்பரில் நடப்பதாய் இருந்த கூட்டமும் எதிர்ப்பின் நடுவே தள்ளிவைக்கப்பட்டன.

துறைமுகம் என்றால் கடலுக்குள் கல்லைப் போட்டுச் சுவர் எழுப்ப வேண்டும். நமது கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டு போகின்றது. அதைச் சுவர் தடுத்தால் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டின பிறகு அதற்கு வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரை அரித்துப் போனது எல்லோரும் கண்ட சங்கதி. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் மேடு மெலிந்துகொண்டு போனால், பாட்டில் பங்குள்ள குப்பம், பங்கில்லாத குப்பம் என்று அலை பார்த்துக்கொண்டா ஏறும்? 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது அது எந்த ஜாதி வீடு என்று கேட்டா நுழைந்தது?

பட்டினவத் தோழர்களுக்கு இதைத்தான் முக்கியமாய்ச் சொல்லுகிறோம். துறைமுகம் கூடாது, ஏரி எங்கள் உயிர் என்று நீங்கள் சொல்லுவது நியாயம். ஆனால் "ஏரி எங்களுடையது, ஏனென்றால் நாங்கள் இன்ன ஜாதியில் பிறந்தோம்" என்று நீங்கள் சொல்லும்போது, "இடம் என்னுடையது, ஏனென்றால் என்னிடம் பணமும் பட்டாவும் இருக்கின்றது" என்று எதிரில் நிற்கிறவன் சொல்லுகிறான். இரண்டும் உழைப்பைக் கேட்காத பாத்தியதைகளே. பிறப்புக்கும் பணத்துக்கும் போட்டி வந்தால் இந்த உலகத்தில் பணம்தான் ஜெயிக்கும். "ஏரியில் இறங்கிப் பாடுபடுகிறவர்கள் எல்லோருக்கும் ஏரி பொது" என்று சொல்லுங்கள். அப்பொழுது உங்கள் பின்னால் ஆதிதிராவிடர் நிற்பார்கள், இருளர் நிற்பார்கள், உங்கள் வீட்டுப் பெண்கள் நிற்பார்கள். இன்றைக்கு அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, நாளைக்குக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கூப்பிட்டால், "எங்களுக்கு இல்லாத ஏரி யாருக்குப் போனால் என்ன?" என்று அவர்கள் கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கின்றது? கம்பெனிக்காரனுக்கு இதைவிட வேறு சகாயம் வேண்டுமா?

சர்க்காருக்கும் சில வார்த்தை. 2011 டிசம்பர் 25-ந் தேதி, உல்லாசமாய்ப் பார்க்க வந்த 22 பேர் முகத்துவாரத்தின் பக்கம் படகு கவிழ்ந்து மாண்டார்கள். "விதி" என்றார்கள் பலர். மிதக்கும் சட்டையும், படகுக்கு ஆள் கணக்கும், கரையில் காவலும் இருக்கும் இடத்தில் விதி அவ்வளவு சுலபமாய் வேலை செய்வதில்லை. செத்தபின் சர்க்கார் செய்தது உல்லாசப் படகுக்குத் தடை போட்டதுதான். ஒழுங்குபடுத்தத் தெரியாவிட்டால் தடை போடுவது என்பது சுலபமான நிர்வாகம். ஆனால் படகோட்டிக்கு அது பட்டினி. முகத்துவாரத்தைக் கல் சுவர் எழுப்பி நிரந்தரமாய்த் திறந்து வைப்பதாகவும் திட்டம் போட்டார்கள். நல்லது. ஆனால் அந்தக் கல் எங்கே விழ வேண்டும், மண் எங்கே போக வேண்டும் என்பதை எஞ்சினீயர் படத்தை மாத்திரம் பார்த்து முடிவு செய்யாமல், முகத்துவாரம் திறப்பதையும் அடைவதையும் பிறந்ததிலிருந்து பார்த்து வருகின்ற குப்பத்தாரையும், அவர்களோடு இருளரையும் பெண்களையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல. பாட்டுச் சீட்டு அப்படியே இருக்கட்டும்; அதில் பெயர் எழுதும் விதி மாறட்டும். ஏரிக்கரையில் குடியிருந்து, தன் உழைப்பால் மீன்பிடித்து வாழுகின்ற எவரும், எந்த ஜாதியானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், பாட்டுக்கு உரியவர் என்று விதி செய்யட்டும். வலைக்கும் வலைக் கண்ணுக்கும் நாளுக்கும் எல்லோரும் கூடி அளவு வைக்கட்டும். ஊர்க் கூட்டத்தில் பெண்களுக்கு இடமும் வாக்கும் கொடுக்கட்டும். இருளர் குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடுக்கட்டும். துறைமுகமோ, தொழிற்சாலையோ, முகத்துவாரமோ, எது வருவதாய் இருந்தாலும், அந்தத் திட்டத்தைத் தமிழில், ஊருக்குள் வந்து, புரியும்படி சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யட்டும். இதில் எது முடியாத காரியம்?

பழவேற்காட்டு இளைஞர்களே! உங்களில் பலர் இன்று எண்ணூரிலும் மணலியிலும் கூலிக்குப் போகிறீர்கள். சிலர் படித்து வேறு உத்தியோகத்துக்குப் போகிறீர்கள். அங்கே வாசற்படியில் நிறுத்தி "நீ என்ன ஜாதி?" என்று உங்களை ஒருவன் கேட்டால் உங்களுக்குக் கோபம் வருகின்றதல்லவா? அதே கேள்வியை உங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்றுகொண்டு உங்கள் தகப்பனார் மற்றொருவரைக் கேட்கும்போதும் அந்தக் கோபம் வரட்டும். அடுத்த தடவை சீட்டுப் போட ஊர் கூடுகின்றபோது, விடுபட்டவர்களின் பெயரையும் எழுதிக்கொண்டு போய் அங்கே வையுங்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் முதலாளிகளும் தங்கள் லாபத்துக்காகவே உங்கள் ஊரை மாற்றினார்கள். ஒரே ஒரு தடவையாவது ஊர் மக்கள் தாங்களாகவே, நியாயத்துக்காக, அதை மாற்றினார்கள் என்று பெயர் இருக்கட்டும்.